திறப்பு விழாவும் அதற்கு முந்திய நாள்களும்

(கனடாவில் சிறுவணிகம் தொடங்கவிருக்கும் தமிழர்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1983 ஜூலையில் கொழும்பில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழரின் கடைகள் தேடித் தேடி எரிக்கப்பட்டன. பெயர்ப்பலகையில் இருந்த தமிழ்ப் பெயரே பல கடைகளுக்குத் தீ வைப்பதற்குப் போதுமான காரணமாயிற்று. அந்நினைவைச் சுமந்து வந்த மக்கள், ரொறன்ரோவின் வீதியோரத்தில் ஒரு கடைக்குத் தமிழில் பெயர் எழுதித் தொங்கவிடும்போது அது வெறும் வணிக நிகழ்வாக அமைவதில்லை. உறவினர் கண்கலங்குகின்றனர், நிறைகுடம் வைக்கப்படுகின்றது, முதியோர் கையால் குத்துவிளக்கு ஏற்றப்படுகின்றது. இவ்வுணர்வு மதிக்கப்பட வேண்டியது. ஆயினும், இவ்வுணர்வின் வேகத்தில் திறப்பு விழாவையே கடையின் தொடக்கம் எனக் கருதிவிடுவதால் நேரும் இழப்புகள் பேசப்பட வேண்டியவை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஸ்காபரோவில் ஒரு சிறு வணிகத் தொகுதியில் கணவனும் மனைவியும் இணைந்து ரோல்ஸ், பற்றிஸ், இடியப்பம், கொத்துரொட்டி விற்கும் கடையொன்றைத் தொடங்குகின்றனர். பல ஆண்டுச் சேமிப்பு, சீட்டெடுத்த பணம், வீட்டின் மீது பெற்ற இரண்டாவது அடமானம் ஆகியனவே முதல். குத்தகை ஒப்பந்தத்தில் இருவரும் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டுள்ளனர். எனவே கடை மூடப்பட்டாலும் வாடகைக் கடன் அவர்களை விடாது. சாத்திரியார் நாள் குறிக்கின்றார். உடனே அழைப்பிதழ் அச்சாகின்றது, வானொலியில் விளம்பரம் செல்கின்றது, 300 பேருக்கு உணவு சொல்லப்படுகின்றது. விழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில் வரும் சுகாதாரப் பரிசோதகர், கைகழுவுவதற்கென்று தனித் தொட்டி இல்லை என்கின்றார். குழாய் வேலை செய்பவருக்கோ இரண்டு கிழமைக்கு வேறு வேலை இருக்கின்றது.

இந்நிலையில் அக்குடும்பத்தின் முன்னால் உள்ளவை இரண்டு தெரிவுகளே. விழாவைத் தள்ளிவைத்து ஊரார் முன் தலைகுனிவது ஒன்று. அனுமதி இல்லாமலே திறப்பது மற்றொன்று. இரண்டாவதைத் தெரிவு செய்பவர், ரொறன்ரோவில் 2001 முதல் நடைமுறையில் உள்ள உணவகப் பரிசோதனைத் திட்டத்தில் வாயிற் கதவில் சிவப்பு அறிவித்தல் ஒட்டப்படும் ஆபத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றார். பச்சை என்றால் தேர்ச்சி, மஞ்சள் என்றால் நிபந்தனையுடன் தேர்ச்சி, சிவப்பு என்றால் மூடல். திறந்த கிழமையிலேயே கதவில் சிவப்பைக் கண்ட வாடிக்கையாளரை மீண்டும் அழைத்துவர எந்த விளம்பரத்தாலும் இயலாது.

ஆகவே அழைப்பிதழ் கடைசியாக அச்சிடப்பட வேண்டியது. ஒன்ராறியோவில் உணவுக் கடை தொடங்குபவர், திறப்பதற்கு முன்பே உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தல் கொடுப்பது சட்டக் கடமை. மாநகர உரிமப்பத்திரம் வேறு, கட்டட மாற்றத்துக்கான அனுமதி வேறு, தீயணைப்புப் பரிசோதனை வேறு. ஓர் அலுவலகம் அனுமதித்தது என்பதற்காக மற்றது அனுமதித்ததாகாது. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதிப்படி, கடை இயங்கும் நேரமெல்லாம் உணவு கையாளும் சான்றிதழ் பெற்ற ஒருவராவது அங்கே இருத்தல் வேண்டும். கணவனும் மனைவியும் இருவருமே அச்சான்றிதழைப் பெற்றுவிடுவது நல்லது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கடையைப் பூட்டவேண்டிய நிலை அப்போது ஏற்படாது.

நாள் குறிப்பதைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையிலான வழக்கைத் தீர்ப்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் யாழ்ப்பாணத்து நாட்காட்டியில் அச்சிட்ட இராகுகாலத்தை அப்படியே ரொறன்ரோவின் கடிகாரத்துக்குப் பொருத்துவது கணக்கின்படியே தவறு. பகற்பொழுதின் எட்டில் ஒரு பங்கே இராகுகாலம். பகல் பன்னிரண்டு மணிநேரமாக உள்ள இடத்தில்தான் அது ஒன்றரை மணிநேரம். ரொறன்ரோவில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏறத்தாழ ஒன்பது மணிநேரமாகச் சுருங்குகின்றது. ஜூனில் பதினைந்தரை மணிநேரமளவில் நீள்கின்றது. ஆகவே இராகுகாலமும் அங்கு 67 நிமிடத்திலிருந்து 116 நிமிடம் வரை மாறும். நம்புபவர் சரியாகக் கணித்து நம்பட்டும். மே 18, நவம்பர் 27 ஆகிய நினைவு நாள்களை ஒட்டிய நாள்களைத் தவிர்க்க வேண்டும் என்பதைத் தமிழர் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மென்பொருள் துறையில், எழுதிய நிரலை நேரே பயனாளர் கையில் கொடுப்பதில்லை. முதலில் சிலரிடம் கொடுத்துச் சோதிப்பர். இதற்குத் தமிழில் வெள்ளோட்டம் என்ற அழகிய சொல் முன்னரே உள்ளது. விழாவுக்கு இரண்டு அல்லது மூன்று கிழமைக்கு முன்னரே, பெரிய அறிவித்தல் ஏதுமின்றிக் கடையைத் திறந்து விற்பனையைத் தொடங்குவதே சிறந்த வழி. கொத்துரொட்டி போட உண்மையில் எத்தனை நிமிடம் செல்கின்றது, அட்டை இயந்திரம் இடையில் நின்றால் என்ன செய்வது, சூடான உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமலும் குளிரூட்டிய உணவு 4 பாகைக்கு மேலே ஏறாமலும் இருக்கின்றதா என்பனவெல்லாம் அந்நாள்களில் தெரிந்துவிடும். பத்துப் பேர் வரிசையில் நிற்கையில் நேரும் தவறு திருத்தக்கூடியது. முந்நூறு பேர் நிற்கையில் நேர்வது ஊர்க்கதையாகிவிடும்.

விழா நாளின் ஏற்பாடுகளில் சில சிறிய விடயங்கள் பெருஞ்செலவை உண்டாக்கக்கூடியன. வாகனத் தரிப்பிடம் கட்டட உரிமையாளருடையது, அயற்கடைக்காரரும் அதையே நம்பியிருக்கின்றனர். முன்கூட்டியே எழுத்தில் இசைவு பெறாமல் அங்கே பந்தல் போடக்கூடாது. 60 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கூடாரத்துக்குக் கட்டட அனுமதியும் தேவை. வாசலில் நீற்றுப்பூசணிக்காய் உடைத்தால் உடனே கூட்டிக் கழுவிவிட வேண்டும். வழுக்கி விழுபவர் வாடிக்கையாளராக இருந்தாலும் வழக்குத் தொடுப்பார். எனவே பொறுப்புக் காப்புறுதி விழா நாளுக்கு முன்பே நடைமுறைக்கு வந்திருத்தல் அவசியம். கற்பூரத்தைப் புகையுணரிக்குக் கீழே ஏற்றாதிருக்க வேண்டும் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். மணியோசையோடு தீயணைப்பு வண்டியும் வந்து நின்றால் அது வேடிக்கையாக இராது.

அதிர்ஷ்டக் குலுக்கல் வைப்பதாயின் கூடுதல் கவனம் வேண்டும். சீட்டைப் பணத்துக்கு விற்றுக் குலுக்கல் நடத்த வணிக நிறுவனத்துக்கு அனுமதி கிடையாது. அவ்வுரிமம் அறப்பணிக்காக வழங்கப்படுவது. பரிசு பெற, பொருள் வாங்கியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையும் கூடாது. வெற்றி பெற்றவரிடம் ஒரு சிறு கணக்குக் கேட்டு விடை பெற்ற பின்னரே பரிசு கொடுப்பது கனடாவின் வழக்கம். வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் பரிசளித்தால் குற்றவியற் சட்டத்தின் சூதாட்டப் பிரிவுக்குள் விழக்கூடும் என்பதே அதன் காரணம். எத்தனை பரிசு, அவற்றின் பெறுமதி ஏறத்தாழ எவ்வளவு என்பனவும் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும்.

ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 விழுக்காடு. நான்கு தொடர் காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை என்பதைக் கேட்டுப் பலர் பதியாமல் இருந்துவிடுகின்றனர். அடுப்பு, குளிர்சாதனம், பெயர்ப்பலகை என்று தொடக்கத்தில் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய வரியை மீளப் பெறுவதற்கு அப்பதிவு வழிசெய்கின்றது. கணக்காளரிடம் இதை விழாவுக்குப் பின்னரன்றி முன்னரே கேட்பதே பயனுடையது.

இனி, யாரை அழைப்பது? நாடா வெட்டுவதற்கு நாடாளுமன்ற உறுப்பினரையும் நகரசபை உறுப்பினரையும் தேடிச் செல்வது வழமையாகிவிட்டது. அவர்கள் வருவதில் பிழையில்லை, படம் இதழில் வரும். ஆனால் அவர்கள் மறுநாள் இடியப்பம் வாங்க வரப்போவதில்லை. தூரத்து உறவினரும் முகத்துக்காக ஒரு நாள் வருவர், பிறகு தம் வீட்டுக்கு அருகிலுள்ள கடைக்கே செல்வர். அதே தொகுதியிலுள்ள சீனக் கடைக்காரர், எதிர் அடுக்குமாடியில் வாழும் பிலிப்பினோக் குடும்பங்கள், கரிபியன் முதியோர், பேருந்துத் தரிப்பில் நிற்கும் மாணவர் ஆகியோருக்கு அழைப்பிதழ் போவதில்லை. நாளாந்தம் அக்கடையைக் கடந்து நடப்பவர் இவர்களே. தமிழில் எழுதிய பெயர்ப்பலகைக்குக் கீழே, உள்ளே என்ன உணவு உண்டு, எவ்வளவு காரம், விலை என்ன என்று அவர்களுக்கு விளங்கும் மொழியில் ஒரு பலகை வைப்பதால் தமிழ்ப் பெயர் சிறிதும் குறைவுபடாது. அயலவர் நூறு பேருக்கு ஆளுக்கொரு பற்றிஸ் கொடுப்பதற்கு, மண்டபத்தில் முந்நூறு பேருக்கு விருந்து வைப்பதிற் சிறு பங்கே செலவாகும்.

மீதமாகும் பணத்தை வங்கியில் தனியே வைத்திருப்பது நல்லது. பூமாலைகள் வாடிய பின் வரும் இரண்டாம், மூன்றாம் மாதங்களிலேயே வாடகை, மின்கட்டணம், பணியாளர் சம்பளம் என்பன ஒன்றாக வந்து நிற்கும்.