தர்க்கத்திலும் அமானிதம் உண்டு





சில வாரங்களுக்கு முன்னர் இஷாத் தொழுகை முடிந்து வெளியேறும்போது ஒரு தந்தை என்னை நிறுத்தினார். "மௌலவி, மகன் இரவு இரண்டு மணியாகியும் தூங்குவதில்லை. கெட்ட படம் ஏதும் பார்க்கிறானோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். பூமி உருண்டையா தட்டையா என்று யாரோ ஒருவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான்" என்றார். அவரது முகத்தில் நிம்மதியும் கவலையும் கலந்திருந்தன. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் எனது பழைய நினைவொன்று மேலெழுந்தது. அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முகம் தெரியாதவர்களோடு விஞ்ஞானம் பற்றியும் புள்ளிவிபரம் பற்றியும் தர்க்கிப்பது இன்று எமது வாலிபர்களுக்கு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. உண்மை தன் பக்கம் இருந்தும் வீண் தர்க்கத்தை விட்டுவிடுபவருக்குச் சுவனத்தின் ஓரத்தில் ஒரு வீடு உண்டு என்ற கருத்திலமைந்த நபிமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பூமி தட்டை என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், அந்த வீடு உங்களுக்குக் கிடைக்கட்டும். எனினும் எழுந்து வர முடியாத தர்க்கங்களும் உள்ளன. 2020ஆம் ஆண்டின் இறுதியில் எமக்கு அப்படியொன்று வாய்த்தது.

நினைவிருக்கின்றதா? கொரோனாத் தொற்றினால் மரணித்தோரின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் வந்தது. நல்லடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்னரே, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் தனது வழிகாட்டலில் கூறியிருந்தது. ஆனாலும் புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று இங்கு சொல்லப்பட்டது. டிசம்பரில், பிறந்து இருபது நாட்களே ஆன ஒரு பச்சிளம் குழந்தை பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளைக் கனத்தையின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அந்நாட்களில் என்னாலும் வாய்மூடியிருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முகநூலில் எழுதினேன்.

ஒருவர் பதில் எழுதினார். பெயர் உண்மைப் பெயரா என்று தெரியாது. படத்தின் இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கேள்வி கேட்டார். நிலத்தடி நீர் உயரமாக உள்ள இடங்களில் என்ன செய்வது? கிருமி எத்தனை நாள் உயிரோடிருக்கும்? நியாயமான கேள்விகள். வைரஸ் உயிருள்ள கலங்களுக்குள்ளேயே பெருகும், இறந்த உடலில் அது பெருகாது, இந்நோய் பிரதானமாகச் சுவாச வழியாகவே தொற்றுகின்றது என்று வாசித்து வாசித்துப் பதில் எழுதினேன். நல்லடக்கத்துக்கு அனுமதித்த நாடுகளின் எண்ணிக்கை என்று ஓர் இலக்கமும் அப்போது எம்மவரிடையே உலாவியது. அதையும் போட்டேன். யார் எண்ணினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதுவே எனக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் ஒரு படம் அனுப்பினார். அது பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் எனது பக்கத்தில் இட்ட பதிவு. சந்திரனில் காலடி வைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங் அங்கே அதான் ஓசையைச் செவிமடுத்தார், பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்று அதில் எழுதியிருந்தேன். கீழே அவர் கேட்டிருந்தது இவ்வளவுதான்: "இதை எழுதியவரும் நீங்கள்தானா? இதை நம்பியவர் சொல்லும் விஞ்ஞானத்தை நான் எப்படி நம்புவது?"

நேயர்களே, அன்றிரவு எனக்கு உணவு இறங்கவில்லை. அரபுக் கல்லூரியில் ஓதும் காலத்திலேயே அக்கதையைக் கேட்டிருந்தேன். ஸனது கேட்காமல் ஒரு செய்தியையும் ஏற்கக்கூடாது, அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா என்று பார்க்க வேண்டும் எனப் பல ஆண்டுகள் கிதாபு ஓதியவன் நான். காலையில் அதை ஓதிவிட்டு மாலையில் சந்திரக் கதையை ஸனது இல்லாமலே விழுங்கியிருக்கின்றேன். சந்திரனில் ஓசையைச் சுமந்துவரக் காற்று இல்லை என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். ஆம்ஸ்ட்ரோங் மதம் மாறவில்லை என அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் 1983 மார்ச் மாதத்தில் முஸ்லிம் நாடுகளிலுள்ள தனது தூதரகங்களுக்கு அறிவித்தது. 2005இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்று நூலிலும் அக்கதை மறுக்கப்பட்டுள்ளது. தேடியிருந்தால் அரை மணித்தியாலத்தில் கிடைத்திருக்கும். தேடவில்லை. ஏன் தேடவில்லை? கதை எமக்குச் சாதகமாக இருந்தது.

எமக்குப் பாதகமான செய்தி வந்தால் ஆயிரம் கேள்வி கேட்கின்றோம். சாதகமான செய்தி வந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகின்றோம். இதில் உங்கள் ஊர், எங்கள் ஊர் என்ற வேறுபாடு கிடையாது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு அவர்களின் குழந்தை இப்ராஹீம் (ரழி) மரணித்தார். அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. இப்ராஹீமின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களுடைய தூதுத்துவத்துக்கு இதைவிட வலுவான அத்தாட்சி வேண்டுமா என்று கேட்கத்தக்க ஒரு தருணம் அது. அவர்கள் வாய் திறந்து மறுக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, மௌனமாக இருந்தாலே போதும். ஆனால் மகனைப் பறிகொடுத்த அந்தத் தந்தை தொழுகை நடாத்திவிட்டு, சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவோ வாழ்வுக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை என்ற கருத்தை மக்களுக்கு விளக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான சம்பவம் இது. தமக்குச் சாதகமாக ஊரே பேசிய ஒரு தவறைத் தாமே திருத்தினார்கள்.

இதே கிரகணத்தை வைத்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ஒரு பாடம் சொல்லியிருக்கின்றார்கள். 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' நூலின் முன்னுரையில் அது உள்ளது. கிரகணம் எப்போது, எவ்வளவு நேரம் நிகழும் என்று கேத்திர கணிதத்தின் மூலம் நிறுவியவரிடம் போய், இது மார்க்கத்துக்கு முரண் என்று நீங்கள் தர்க்கித்தால், அவர் தமது கணக்கைச் சந்தேகிக்கமாட்டார், உங்கள் மார்க்கத்தையே சந்தேகிப்பார் என்பது அவர்களின் கருத்து. மார்க்கத்தைத் தாக்குபவரைவிட, அறியாமல் அதற்காக வாதாடுபவரால் வரும் கேடு பெரியது என்றும் அவர்கள் கருதினார்கள். ஹிஜ்ரி 505இல் வஃபாத்தான இமாமவர்கள் முகநூலைக் கண்டதில்லை. ஆனால் என்னைக் கண்டிருக்கின்றார்கள் போலும்!

பொய்யான தகவல் என்ன செய்யும் என்பதை எமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் தென்பட்ட ஒரு கட்டியை மலட்டு மாத்திரை என்று சொன்னார்கள். அந்த இரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதனையும் மருத்துவம் அறியாது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது மாக்கட்டி எனத் தெரியவந்தது. அறிக்கை வருமுன் கதை ஊரூராகப் போய்விட்டது. மார்ச் மாதத்தில் திகனயிலும் கண்டியின் ஏனைய பகுதிகளிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அவ்வன்செயலில் தனது தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. கறியிலிருந்த மாக்கட்டியை அன்று ஒருவர் பரிசோதனைக்கு அனுப்பும் வரை பொறுத்திருந்தால் என்ன என்று நாம் கேட்கின்றோம். கேட்பது நியாயம். அக்கேள்வியைக் கேட்கும் நாம் எமது கட்டிகளைப் பரிசோதிக்கின்றோமா?

இலக்கங்களுக்கு வருவோம். பொய்யான இலக்கத்தைவிட, உண்மையான இலக்கத்தைப் பிழையாக விளங்குவது இன்னும் சிக்கலானது. 2021இல் தடுப்பூசி ஏற்றும் காலத்தில் ஒரு தம்பி ஓடிவந்து தொலைபேசியைக் காட்டினார். இங்கிலாந்தில் டெல்டா வகைத் தொற்றினால் மரணித்த 117 பேரில் 50 பேர் இரண்டு ஊசியும் ஏற்றியவர்களாம். அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனமே 2021 ஜூன் 25ஆம் திகதி வெளியிட்டதாம். "பார்த்தீர்களா மௌலவி, ஊசியால் பயனில்லை" என்றார். இலக்கம் உண்மையானதே. எனக்குப் பதில் தெரியவில்லை. சந்திரக் கதையில் சூடுபட்டிருந்ததால், தெரியாது என்று சொல்லும் அளவுக்காவது அறிவு வந்திருந்தது. எமது மஹல்லாவிலுள்ள ஒரு கணித ஆசிரியரிடம் இருவருமாகப் போனோம்.

அவர் மத்ரஸாவின் வெண்பலகையில் ஒரு கற்பனைக் கிராமத்தை வரைந்தார். அங்கு முதியோர் 1000 பேர். 950 பேர் ஊசி ஏற்றியவர்கள், 50 பேர் ஏற்றாதவர்கள். நோய் பரவுகின்றது. ஏற்றாதவர்களில் நூற்றுக்கு 20 பேர் மரணிக்கின்றார்கள் என்று வைப்போம், அது 10 பேர். ஏற்றியவர்களில் நூற்றுக்கு 2 பேர் மாத்திரமே மரணிக்கின்றார்கள், அது 19 பேர். ஆக 29 ஜனாஸாக்கள், அவற்றில் 19 ஊசி ஏற்றியோருடையவை. மூன்றில் இரண்டு பங்கு! ஆனால் ஊசி மரண ஆபத்தைப் பத்திலொன்றாகக் குறைத்திருக்கின்றது. ஏற்றியோர் தொகை மிகப் பெரிது என்பதால் அவர்களில் சிறு வீதமும் பெரிய எண்ணாகத் தெரிகின்றது. "உயர்தரப் பரீட்சையில் தோற்பவர்களில் பெரும்பாலானோர் ரியூசன் போனவர்களாக இருக்கலாம். அதனால் ரியூசன்தான் தோற்கடித்தது என்பீர்களா? போகாத பிள்ளை எங்கே இருக்கின்றது?" என்று அவர் கேட்டார். தம்பி சிரித்தார். அந்த இலக்கத்தை அனுப்பியவருக்கு அவர் இக்கணக்கை எழுதி அனுப்பியதாகப் பின்னர் அறிந்தேன். மறுமுனையில் இருந்தவர் அவரைத் தடைசெய்துவிட்டாராம். பரவாயில்லை.

சனத்தொகை விடயத்தில் எமது வாலிபர்கள் அடிக்கடி சறுக்குகின்றார்கள். முஸ்லிம்கள் இன்னும் சில ஆண்டுகளில் பெரும்பான்மையாகிவிடுவார்கள் என்று ஒருவர் எழுதுகின்றார். உடனே எமது பிள்ளை, எங்கள் வீதம் கூடவேயில்லை என்று பதில் எழுதுகின்றார். இரண்டும் பிழை. குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் 1981இல் நூற்றுக்கு 7.6 வீதம், 2012இல் 9.7 வீதம். கூடியிருக்கின்றது, அதை மறைக்கத் தேவையில்லை. அதே 31 ஆண்டுகளில் சிங்கள மக்களின் வீதமும் 74.0 இலிருந்து 74.9 ஆகக் கூடியிருக்கின்றது. குறைந்தது தமிழ் மக்களின் வீதம். யுத்தமும் புலம்பெயர்வும் அதற்குப் பெருங்காரணங்கள். இதை இப்படியே எழுதிப் பாருங்கள். பயந்துபோயிருக்கும் ஒரு மனிதருக்கு முழு உண்மையைக் கொடுத்தால் அவர் வாசிக்கக்கூடும். பாதியை மறைத்தால், மறைத்த பாதியையே அவர் தேடிப் பிடிப்பார்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் தொலைபேசியைப் பறிக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து "மகன், இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பிள்ளை "எல்லாரும் சொல்லுறாங்க" என்றால் அந்த 'எல்லாரும்' யார் என்று கேளுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32க்கு 'எனக்குத் தெரியாது' என்றே பதிலளித்தார்கள் என அறிவிக்கப்படுகின்றது. மதீனாவின் இமாமுக்கு அது இழுக்காக இருக்கவில்லை. ஆனால் காலை உணவு மேசையில் வாப்பா ஒருநாளாவது அச்சொல்லைச் சொல்லிப் பிள்ளை கேட்டிருக்க வேண்டும். குடும்பக் குழுக்களில் அதிகாலையில் ஆதாரமற்ற வைத்தியக் குறிப்புகளை அனுப்புவோர் பெரும்பாலும் வாலிபர்கள் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மோட்டார் சைக்கிள் படத்துக்காரருக்கு அன்று என்ன பதில் எழுதினேன் என்று சொல்லவில்லையே. ஆம், எழுதியவன் நானே, தேடிப் பார்க்காமல் எழுதினேன், அது பிழை, நீக்கிவிட்டேன் என்று எழுதினேன். நாடுகளின் எண்ணிக்கையையும் மீளப் பெற்றுக்கொண்டேன். நல்லடக்கம் பற்றி நான் காட்டிய ஏனைய ஆதாரங்களைத் தனியாக எடைபோடுமாறு கேட்டேன். பதில் வரவில்லை. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் நல்லடக்கத்துக்கு இடமளிக்கலாம் எனக் கருத்து வெளியிட்டது. அதையும் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. கட்டாய எரிப்புக்காக அரசாங்கம் மன்னிப்புக் கோர 2024 ஜூலை வரை சென்றது.

ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கிய அந்த வாரத்தில் ஓர் இரவு அவரிடமிருந்து செய்தி வந்தது. ஜனாஸா பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவர் கேட்டிருந்தது இது: "அந்தச் சந்திரக் கதையைப் போலத்தான் எங்கள் பக்கத்தில் சொல்லப்பட்ட அம்பாறை மாத்திரைக் கதையுமா?"

அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் முடிவு வெளியான செய்தியைத் தேடி எடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் அதைத் தமது பக்கத்தில் பகிர்ந்தாரா இல்லையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.