உயிர் பிடிக்கும் வரை

 



ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகிறது என்னும் நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த நன்மையை நாடியே சென்ற ஆண்டு ஜும்ஆவுக்குப் பின் மரக்கன்றுகளை வாங்கிச் சென்றோம். அவற்றுள் இன்று உயிரோடிருப்பவை எத்தனை?

பிறரைக் கேட்கும் முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கொண்டு சென்ற கொய்யாக் கன்றைத் தொட்டியில் வைத்து, ஐவேளைத் தொழுகைக்குப் புறப்படும்போதும் ஒரு செம்பு நீர் ஊற்றினேன். இலைகள் மஞ்சளித்தன. தாகம் என்றெண்ணி மேலும் ஊற்றினேன். கன்று மடிந்தது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, அடித்துளை அடைபட்டு, வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. “தினமும் தண்ணீர் ஊற்றினோமே அத்தா, பிறகு ஏன் செத்தது?” என்று என் இளைய மகள் கேட்டாள். வேருக்கும் காற்று வேண்டும். அதை நான் நீரில் மூழ்கடித்துவிட்டேன். உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாது என்ற இறைக்கட்டளையை மிம்பரில் எடுத்துரைப்பவன், தன் வீட்டுத் தொட்டியில் அதை மறந்தேன்.

பெருமக்களே! ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மதீனாவில் அடிமையாயிருந்த அவர்களின் விடுதலைக்கு 300 பேரீச்சங்கன்றுகளும் 40 ஊக்கியா தங்கமும் ஈடாக விதிக்கப்பட்டன. கன்றுகளை நட்டுத் தந்தால் மட்டும் போதாது. அவற்றை உயிர்ப்பித்துத் தரவேண்டும் என்பதே ஒப்பந்தம். தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து என இயன்றதைக் கொணர்ந்தார்கள். ஸல்மான் (ரலி) குழி தோண்ட, நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். ஒரு கன்றுகூட மடியவில்லை (அஹ்மத்).

எனவே, நடுவதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. உயிர் பிடிக்கும் வரை அது நம்மிடம் உள்ள அமானத்.

தொட்டியின் அடித்துளை மீது ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்து, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். விரலை மண்ணுள் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றுங்கள்.

மாதுளை, அத்தி, மருதாணி ஆகியவற்றைக் குச்சியிலிருந்தே வளர்க்கலாம். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியைச் சாண் நீளத்தில், கணுவுக்குக் கீழே நறுக்கி, இலைகளை நீக்கி, இரு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு ஊன்றி நிழலில் வையுங்கள். துளிர் கண்டதும் வேர் விட்டதென்று எண்ணி இழுத்துப் பார்க்காதீர்கள். குச்சியிலுள்ள சேமிப்பைக் கொண்டே முதல் துளிர் வந்துவிடும். வேர் கண்ணுக்குப் புலப்படாத அந்நாட்களில் நமக்கு வேண்டியது ஸப்ரு எனும் பொறுமையே. நிலத்திற்கு மாற்றும்போது, பிளாஸ்டிக் பையை முழுதும் அகற்றி, மாலை வேளையில் நடுங்கள்.

இவ்வாரம் என் மகளோடு மற்றொரு கன்றை வைத்திருக்கிறேன். இன்று காலை அவளே மண்ணில் விரல் வைத்துப் பார்த்து, “இன்றைக்கு வேண்டாம் அத்தா” என்றாள். உங்கள் பிள்ளைகளிடமும் ஒரு கன்றை ஒப்படையுங்கள்.

நம் கைகளால் நடப்படும் ஒவ்வொரு கன்றையும் வல்ல அல்லாஹ் வேரூன்றச் செய்து, அதை நிலையான தர்மமாக ஏற்றருள்வானாக! ஆமீன்.