சேம்பர் யாருக்கு?

"நமக்கு எதற்கு சேம்பர்? அது பெரிய முதலாளிகளுக்கு" என்கிறீர்கள். 1836-இல் தொடங்கிய சென்னை வர்த்தக சபை ஐரோப்பிய வணிகர்களுடையதுதான். 1906-இல் அர்பத்நாட் வங்கி திவாலாகி, நம் நாட்டவர் பலரின் சேமிப்பு போயிற்று. மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. 1909-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் தென்னிந்திய வர்த்தக சபை.

தோல் வணிகர் ஜமால் முகமது, 1931-இல் இந்திய வணிகர்களின் பிரதிநிதியாக லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கே போனார். சங்கம் இல்லாமல் ஒரு தனி மண்டிக்காரரை யார் அழைப்பார்கள்?

ஏற்றுமதிச் சரக்குக்கு உற்பத்தி நாட்டுச் சான்று, கொடுக்கல் வாங்கல் தகராறில் சமரசம், வரிக் குறைகளை அரசிடம் எடுத்துச் சொல்வது எல்லாம் இன்றும் சேம்பர்களின் வேலை. நம் பிள்ளைகளோ இடைத்தரகரிடம் அலைகிறார்கள். உறுப்பினர் படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன.