பெரியவர்களும் விளையாடிப் படிக்கலாம்



“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது பழமொழி. பிள்ளைகளைத் திருத்துவதற்காகச் சொன்ன இதை நம் தோட்டத்துப் பெரியவர்கள் தங்கள் மீதே போட்டுக்கொள்கிறார்கள். “கைநாட்டு வைத்தே காலம் போய்விட்டது, இனி எனக்கு எதற்குப் படிப்பு?” என்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தர முன்வருகிறவர்களுக்காக இன்று சில வார்த்தைகள்.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடம் சொன்ன ஒரு தோட்டத்து இரவு வகுப்பில், பால்மரம் வெட்டும் ஓர் அம்மாளைக் கரும்பலகைக்கு அழைத்து ‘அ’ எழுதச் சொன்னேன். கை நடுங்கியது, எழுத்து கோணியது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மறுநாள் அவர் வரவில்லை. பட்டையை எவ்வளவு சீவினால் பால் வடியும், எவ்வளவு சீவினால் மரம் காயப்படும் என்பது அவருடைய கத்திக்குத் தெரியும். அத்தனை நுட்பமான கைக்கு ஓர் எழுத்தா பெரிது? அவர் அஞ்சியது எழுத்துக்கு அல்ல, சிரிப்புக்கு.

அதன் பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பாடத்தில் தவறினால் பெரியவர்களுக்கு அவமானம். விளையாட்டில் தவறினால் எல்லாருக்கும் சிரிப்பு. தவறியவரும் சேர்ந்து சிரிப்பார். எனவே கரும்பலகையை ஓரமாக வைத்துவிட்டுப் பாயை விரித்தோம்.

முதல் விளையாட்டு, பெயர் அட்டை. வகுப்புக்கு வருகிறவர்களின் பெயர்களைப் பழைய அட்டைப்பெட்டித் துண்டுகளில் பெரிதாக எழுதிக் கலைத்துப் போடுங்கள். அவரவர் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். பிறகு எழுத்து எழுத்தாகக் கத்தரித்து, மறுபடியும் சேர்க்கச் சொல்லுங்கள். முனியம்மாவும் மாரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், தங்கள் பெயர்களின் கடைசி மூன்று எழுத்துகள் ஒன்றே என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மாரியம்மாவின் பெயரில் ‘மா’ முதலிலும் வருகிறது, கடைசியிலும் வருகிறது. தானே கண்டுபிடித்த எழுத்து மறக்காது.

இரண்டாவது, கணக்கு. நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு ஐந்து முத்து வைத்தால் மொத்தம் எத்தனை? 70. நம் மலாய் அண்டை வீட்டார் ஆடும் சொங்காக்கிலும், இரு பக்கத்து வீடுகளை விட்டுவிட்டால், 14 குழிகள்தாம். குழிக்கு ஏழு வைத்தால் 98. ரப்பர் கொட்டைகளை வைத்து ஆடலாம். மனத்தில் போட்ட இந்தக் கணக்கை அப்படியே இலக்கமாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். புதிய கணக்கு எதையும் நாம் கற்பிக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கணக்குக்கு எழுத்து வடிவம் தருகிறோம்.

மூன்றாவது, கடை விளையாட்டு. காலி டின்களையும் சவர்க்கார உறைகளையும் அடுக்கி ஒருவர் கடைக்காரர் ஆகட்டும். மற்றவர்கள் பற்றுக்கு வாங்கட்டும். அரிசி 12 வெள்ளி 60 காசு, சீனி 2 வெள்ளி 85 காசு, சவர்க்காரம் 3 வெள்ளி 40 காசு. கடைக்காரர் வேண்டுமென்றே பற்றுப் புத்தகத்தில் 19 வெள்ளி 85 காசு என்று எழுத வேண்டும். தவறை யார் பிடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. எங்கள் வகுப்பில் “ஒரு வெள்ளி எங்கே போச்சு?” என்று முதலில் கேட்டவர் யார் தெரியுமா? வகுப்பை விட்டுப் போன அதே அம்மாள்தான். கடை விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்க வாசலில் வந்து நின்றவர் அவர்!

நான்காவதுதான் முக்கியமானது: சம்பளச் சீட்டு. அதிலுள்ள மலாய்ச் சொற்களை ஓர் அட்டைக் கட்டிலும், தமிழ்ப் பொருளை மற்றொரு கட்டிலும் எழுதி, இருவர் இருவராகச் சோடி சேர்க்கச் சொல்லுங்கள். காஜி என்றால் சம்பளம். போத்தோங்கான் என்றால் கழிவு. கே.டபிள்யூ.எஸ்.பி. என்றால் ஊழியர் சேமநிதி. பெர்கெசோ என்றால் நாம் சொக்சோ என்று சொல்வது.

இது வெறும் விளையாட்டா? 2025ஆம் ஆண்டில் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளி ஒருவர் அந்தச் சம்பளம் வாங்கினால், அவருடைய பங்காகச் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி கழிக்கப்படும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 221 வெள்ளி செலுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்து 408 வெள்ளி. இந்தத் தொகை தம் பெயரில் சேர்ந்திருக்கிறதா என்று தாமே படித்துப் பார்க்கத் தெரியாதவர், பிறர் சொல்வதை நம்பித்தான் இருக்க வேண்டும்.

பிரேசில் நாட்டு ஆசிரியர் பாவ்லோ பிரெய்ரே 1963ஆம் ஆண்டு அஞ்சிக்கோஸ் என்னும் ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேர எழுத்தறிவுப் பாடம் நடத்தினார். அவர் எடுத்துக்கொண்டவை அந்த மக்களின் வாழ்க்கையில் புழங்கிய சொற்களையே. நமக்குச் சம்பளச் சீட்டும் பற்றுப் புத்தகமும் அப்படிப்பட்டவை.

மூன்று எச்சரிக்கைகள். யாரையும் தனியாக எழுப்பி நிறுத்தாதீர்கள். சோடியாகவோ குழுவாகவோ ஆடச் செய்யுங்கள். வாழ்க்கைக்கு உதவாத விளையாட்டைக் கொண்டு வராதீர்கள். ‘எங்களைச் சின்னப் பிள்ளையாக்குகிறானே’ என்று அவர்கள் மனம் நோகும். விளையாட்டோடு வகுப்பை முடித்துவிடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் அன்று ஆடியதைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனவர்கள் அவர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

வகுப்பு நடக்காத தோட்டமா? கவலை வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் தம்பி தங்கைகளே, இன்றிரவு உங்கள் அம்மாவின் பெயரை ஓர் அட்டையில் எழுதி, கத்தரித்து, அவர் கையில் கொடுங்கள். அவர் சேர்க்கத் தடுமாறினால் சிரிக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த சம்பள நாளில் அவர் கைநாட்டு வைப்பதற்கு முன், சீட்டை ஒரு முறை உற்றுப் பார்ப்பார். படிப்பு அங்கே தொடங்கிவிட்டது.