கனவு எந்த வாயில விழுதுன்னு பாருங்க

போன வாரம் அம்மா போன் பண்ணி, "பல்லு கொட்டுற மாதிரி கனவு கண்டேன்டா"ன்னாங்க. நான் வேலை மும்முரத்துல, "அப்போ வீட்டுல யாருக்கோ டிக்கெட் கன்ஃபார்ம்"னு விளையாட்டா சொல்லிட்டேன். ரெண்டு நாள் அவங்க தூங்கலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால இன்னைக்கு, யூத மரபுல கனவுக்குப் பலன் சொல்றதைப் பத்திப் பேசலாம்.

பாபிலோனிய தல்மூத், யூதர்களோட சட்டமும் விவாதமும் கதையும் சேர்ந்த பெரிய தொகுப்பு. அதுல பெராகோத்ங்கிற பகுதியில கனவுகளைப் பத்தி நீளமாவே வருது. ரபி பனாஆ ஒரு கனவு கண்டார். எருசலேமில் அப்போ பலன் சொல்றவங்க 24 பேர். எல்லார்கிட்டயும் போனார். ஆளுக்கு ஒரு பலன் சொன்னாங்க. 24-ம் பலிச்சுதாம்! கனவுக்குன்னு தனியா அர்த்தம் இல்லை, சொல்றவர் வாய் போற வழியில அது போகும்ங்கிறாங்க.

கேக்க ஜாலியா இருக்குல்ல? அடுத்த கதை அப்படி இல்லை. பார் ஹெத்யான்னு ஒருத்தர். காசு கொடுத்தா நல்ல பலன், கொடுக்கலைன்னா கெட்ட பலன். 4-ஆம் நூற்றாண்டு அறிஞர்களான அபாயேயும் ராவாவும் ஒரே கனவோட அவர்கிட்ட போறாங்க. பீப்பாய் வாயில லெட்டூஸ் கீரை இருக்கிற மாதிரி கனவு. காசு கொடுத்த அபாயேவுக்கு, "வியாபாரம் கீரை மாதிரி பெருகும்." கொடுக்காத ராவாவுக்கு, "கீரை மாதிரி கசக்கும்." ஒரே இன்புட், ரெண்டு அவுட்புட்!

இன்னொரு கனவுல வெளிக்கதவு விழுந்துச்சுன்னார் ராவா. "உன் மனைவி இறந்துடுவா"ன்னார் பார் ஹெத்யா. கதைப்படி, அவங்க இறந்தும் போனாங்க. பிறகு ஒருநாள் பார் ஹெத்யா கையிலிருந்து ஒரு புத்தகம் விழுது. கனவெல்லாம் வாயைப் பின்தொடரும்னு அதுல எழுதியிருக்கு. ராவாவுக்கு அப்போதான் புரியுது. மத்ததையெல்லாம் மன்னிச்சார், மனைவி விஷயத்தை மட்டும் மன்னிக்கலை.

இதே தல்மூத் ஒரு மருந்தும் சொல்லுது. கனவால கலங்கினவர் 3 பேரைக் கூட்டி, நல்ல கனவு கண்டேன்னு சொல்லணும். அவங்க, நல்லதுதான், நல்லதாவே ஆகட்டும்னு பதில் சொல்லணும்.

கனவு பலிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா பயந்துபோய் நம்மகிட்ட வர்றவங்களோட அடுத்த ரெண்டு ராத்திரி நம்ம வாயிலதான் இருக்கு. நேத்து நானும் அப்பாவும் தங்கச்சியும் கான்ஃபரன்ஸ் கால் போட்டு, "நல்ல கனவுதாம்மா"ன்னோம். "போங்கடா"ன்னு சிரிச்சாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.