இடியுமுன் ஒரு படம்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அந்நியர் ஆட்சிக்காலக் கட்டடங்களைப் பற்றிய புகைப்படப் போட்டியொன்றை நாம் நடத்தவேண்டும் என்ற எண்ணத்தை உங்கள்முன் வைக்கின்றோம். வெள்ளைக்காரன் கட்டியதை நாம் ஏன் கொண்டாடவேண்டும் எனச் சிலர் கேட்கக்கூடும். படம் பிடிப்பது கொண்டாடுவதாகாது; கணக்கெடுப்பதாகும்.

2010 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் விக்கிப்பீடியா அன்பர்கள் இத்தகைய போட்டியொன்றைத் தொடங்கினர். மறு ஆண்டே அது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவியது. 1,68,208 படங்கள் சேர்ந்து, கின்னஸ் சாதனை நூலிலும் இடம்பெற்றது. அவர்கள் முதலிற் செய்த வேலை படம் எடுத்ததன்று. எந்தச் சின்னம் எங்கேயுள்ளது எனப் பட்டியல் எழுதியதே.

நமக்கும் பட்டியலே முதல் வேலை, சங்கடமும் அதிலேதான். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் புராதனச் சின்னத்துக்கு எல்லையாக வைத்த நாள் 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஒப்பந்தத்தால் ஆங்கிலேயர் கைக்கு மாறிய அதே நாள்! கண்டியில் அவர்கள் ஆட்சியில் எழுந்தவை யாவும் அக்கோட்டுக்கு இப்பாலே நிற்கின்றன.

குயின்ஸ் ஹோட்டலை எல்லோரும் எடுப்பார்கள். அதற்கு நம் தூண்டுதல் வேண்டியதில்லை. கடுகண்ணாவையில் 1832இல் எழுந்த டோசன் கோபுரத்தையும் எடுப்பார்கள். கொழும்பு-கண்டிப் பாதையை அமைத்த பொறியியலாளருக்கு அது ஞாபகச்சின்னம். பாறை உடைத்த கூலிகளுக்குக் கோபுரம் ஏது? ஆதலால் தேயிலைத் தொழிற்சாலைகளும் லயங்களும் பட்டியலில் இருக்கவேண்டும் என்பது எமது பிடிவாதம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்ந்த சரித்திரத்தை அந்தச் சுவர்களே அறியும். லயம் நிலைக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அது போய்த் தனிவீடு வரவேண்டும். போகுமுன் ஒரு படம் இருக்கட்டும். ஆனால், குடியிருப்போரைக் கேளாமல் வாசலிற் கமராவை நீட்டிய படம் எவ்வளவு அழகாயினும் தள்ளப்படும்.

பேராதனையில் 1833இல் ஆணியின்றி முதிரை மரத்தால் அமைத்த பாலம் 1905இல் அகற்றப்பட்டது. இன்று அதைப் படங்களிலேதான் காண்கிறோம்.

நம் ஊருக்கே வருவோம். பழைய தெல்தெனிய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. (சுதந்திரம் பெற்று முப்பத்தேழு ஆண்டுகளின் பின், 1985இல் திறந்த அணைக்கும் ஆங்கிலேய அரசியின் பெயரே!) கடும் வறட்சியில் நீர் வற்றும்போது இடிபாடுகள் தலைகாட்டுகின்றன. அவற்றை இளைஞர் எடுக்கலாம். நீருக்குமுன் இருந்த தெருவை எடுப்பது எப்படி? அது பெரியோர்களாகிய உங்கள் வீட்டுப் பெட்டிகளிலே இருக்கிறது.

ஆகவே போட்டியில் இரண்டாம் பிரிவொன்றும் உண்டு: பழைய படம் தேடித் தருதல். எந்த ஆண்டு, யாருடைய கடை, பக்கத்தில் என்ன இருந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டெழுதி வரும் பிள்ளைக்கே அதிற் பரிசு. படத்தை நாம் வாங்கி வைத்துக்கொள்ளமாட்டோம். உங்கள் முன்னிலையிலேயே பிரதியெடுத்துக் கையோடு திருப்பித் தருவோம். கலியாணப் படமானாலும் கொண்டுவாருங்கள். மணமக்களுக்குப் பின்னால் தெரு தெரிந்தாற் போதும்.