பட்டியலில் விடுபட்டவர்கள்

2020 டிசம்பரில் பிரிட்டன் கொரோனா தடுப்பூசிக்கு வரிசை வகுத்தபோது, ஆபத்தைக் கூட்டும் நோய்கள் உள்ள 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆறாவது இடம். மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் அதில் இருந்தது. ஆட்டிசத்தோடு பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்குத் தானாக இடமில்லை. உயிராபத்தை வைத்துத்தானே வரிசை, ஆட்டிசம் என்ன நுரையீரல் நோயா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களையும் முதலில் முழுமையாகச் சேர்க்கவில்லை. அவர்களில் 18 முதல் 34 வயதினரின் கொரோனா இறப்பு விகிதம், அதே வயதுப் பொதுமக்களைவிட 30 மடங்கு என்று 2020 நவம்பரிலேயே அரசு அறிக்கை சொல்லியிருந்தது. 2021 பிப்ரவரியில்தான் மருத்துவர்களின் அறிவுத்திறன் குறைபாட்டுப் பதிவேட்டில் உள்ள அனைவருக்கும் கதவு திறந்தது. பதிவேட்டில் இல்லாதவர்? மூச்சுத்திணறலைச் சொல்லத் தெரியாதவருக்கு, ஆக்சிஜன் முகமூடி பட்டாலே பதறுபவருக்கு, நோயைவிடச் சிகிச்சை பெறுவதே பெரும்பாடு. இவர்களைச் சேர்த்திருந்தால் முதியவர்களின் இடம் பறிபோயிருக்காது. அவர்கள் முந்தைய பிரிவுகளிலேயே இருந்தார்கள். அடுத்த தொற்றுக்குப் பட்டியல் போடுபவர்கள், நோயின் பெயரோடு, சிகிச்சை பெறுவதில் உள்ள தடையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.